ஊசிக்கு மாற்று அடுப்படியில் உண்டா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஊரில் 'ஊசி' என்றால் பாதிப் பேருக்கு இன்சுலின்தான் நினைவுக்கு வருகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தக் கூடாது. கொள்ளு ரசமோ வெந்தயமோ அந்த இடத்துக்கு வரவே வராது. இங்கே பேசப்போவது எடையைக் குறைக்க வாரம் ஒரு முறை போடும் ஊசிகளைப் பற்றி. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மௌஞ்சாரோ, அந்த ஜூனில் வந்த வெகோவி, டிசம்பரில் சர்க்கரை நோய்க்கென வந்த ஓசெம்பிக் ஆகியவை இந்த வகை. மௌஞ்சாரோ வந்த புதிதில் மாதத்துக்கு 14,000 முதல் 17,500 ரூபாய் வரை ஆனது. 2026 மார்ச்சில், வெகோவியிலும் ஓசெம்பிக்கிலும் உள்ள செமாகுளுடைடின் காப்புரிமை இங்கே முடிந்து, இந்திய நிறுவனங்களின் மலிவுப் பதிப்புகளுக்கு வழி திறந்துவிட்டது. ஆனாலும் மருந்துக் கடையில் விலை விசாரித்தவர்களில் பலர் அடுத்து ஏறுவது நாட்டு மருந்துக் கடைப் படிதான். நம் சுவாமிமலையிலிருந்து, அந்தக் கடைகள் உள்ள கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"அண்ணே, உடம்பு எளைக்கிறதுக்குப் பொடி ஏதாவது இருக்கா?"

"யாருக்கும்மா, உங்களுக்கா? சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

இரண்டாவது கேள்வியைக் கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கேட்காமல் பொட்டலம் மடிப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஊசி என்ன செய்கிறது

சாப்பிட்டதும் நம் குடலே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும், கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதும் அதன் வேலை. ரத்தத்தில் அது ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். செமாகுளுடைட் அதைப் போலவே வேலை செய்யும், ஆனால் ஒரு வாரம் நிற்கும்படி வடிவமைத்த மருந்து. மௌஞ்சாரோவில் உள்ள டிர்ஸெபடைட் இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் செமாகுளுடைட் போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் இழந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். 80 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய 12 கிலோ.

இதே அளவை எந்த வீட்டு வைத்தியமும் தராது. 'பக்கவிளைவே இல்லாமல் மாதம் பத்து கிலோ' என்று பேசுபவர் பொடி விற்கிறவராக இருப்பார். இல்லையென்றால் யூடியூபில் பார்வை எண்ணிக்கை சேர்க்கிறவராக இருப்பார்.

அடுப்படி தரக்கூடியது எடையில் ஐந்து சதவீதம், நன்றாகக் கடைப்பிடித்தால் ஏழு. அதை அற்பமாக எண்ண வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு பார்த்தார்கள். உணவும் நடையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது 26.4 சதவீதம். வியப்பு என்னவென்றால், அந்த உணவு மாற்றக் குழுவில் எடை பெரிதாகக் குறையவேயில்லை.

வாங்கக் கூடாதவை

2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் உடல் இளைக்க வேண்டுமென்று, யூடியூப் காணொலி ஒன்றைப் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கி உயிரே போய்விட்டது. வெங்காரம் என்பது போராக்ஸ். நகைப் பட்டறையில் பற்றவைக்கும்போது தூவுவார்களே, அதே பொருள். சித்த மருத்துவ நூல்களில் அதன் பெயர் இருப்பது உண்மை. ஆனால் அங்கே சுத்தி செய்து, துளியளவில், மருத்துவர் கையால் தரும் சரக்கு அது. கடையில் கட்டியாகக் கிடைப்பது சுத்தி செய்யாதது. சுவாமிமலையில் உலோகம் உருக்கும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பட்டறைச் சரக்கு எது, சாப்பாட்டுச் சரக்கு எது என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கைபேசித் திரையில் வெள்ளை உடை அணிந்த ஒருவர் சொன்னால் நம்பிவிடுகிறோம்.

மரமஞ்சளுக்கு 2023-ல் திடீரென்று உலகப் புகழ் வந்தது. அதில் உள்ள பெர்பெரின் என்ற பொருளை 'இயற்கையின் ஓசெம்பிக்' என்று வெளிநாட்டு இளசுகள் காணொலி போட்டார்கள். இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எடை குறைவது சுமார் இரண்டு கிலோ. ஓசெம்பிக் செய்வதற்கும் அதற்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம். பெர்பெரினைக் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தொடவே கூடாது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களும் அப்படியே.

குடம்புளி மீன் குழம்புக்கு அருமையான பொருள். அதன் சாற்றை மாத்திரையாக்கி எடை குறைய விற்கிறார்கள். 1998-ல் 135 பேரை வைத்து நியூயார்க்கில் 12 வாரம் சோதித்ததில், குடம்புளி சாப்பிட்டவர்கள் 3.2 கிலோவும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோவும் குறைந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடுதான். இந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களின் கதைகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆப்பிள் சைடர் வினிகரைப் பெரிதாகத் தூக்கிப்பிடித்த லெபனான் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. கணக்கு உதைக்கிறது என்று 2025 செப்டம்பரில் வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வெந்நீர், எலுமிச்சை, தேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெயரில்லாப் பொடிகள்தான் மிகவும் ஆபத்து. மூன்றே நாளில் பசி அடங்கி, நெஞ்சு படபடத்து, தூக்கம் போனால், அதில் மூலிகையைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். சிபுட்ரமின் என்ற மாத்திரை இதயத்துக்குக் கேடு என்று 2011-லேயே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 'முழுக்க மூலிகை' என்று விற்ற எடைக்குறைப்புப் பொருள்களில் அது ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது.

மருந்தாகக் குடிக்காதீர்கள், கறியாகச் சாப்பிடுங்கள்

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி எத்தனையோ வீடுகளில் காலையில் கொள்ளுத் தண்ணீர் குடிக்கிறார்கள். கொள்ளை வேகவைத்து, நீரை வடித்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு ஒரு டம்ளர். வெந்த கொள்ளு? மாட்டுத் தொட்டிக்கோ குப்பைக்கோ போய்விடும்! இங்கேதான் தலைகீழாகப் போகிறோம். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம், நார்ச்சத்தும் நிறைய. இரண்டும் பெரும்பாலும் தங்குவது பருப்பில்தான். வடித்த நீர் நாக்குக்கு நன்றாக இருக்கும், வயிற்றை நிறைக்காது. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அது செய்வது, தட்டில் சோற்றுக்கான இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது. சோறு தானாகக் குறைகிறது. புரதமும் நாரும் உள்ளே போவதால் குடல் தன் சொந்த ஜிஎல்பி-1 கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது, பசி எடுக்கத் தாமதமாகிறது. ஊசியின் வேலையில் ஒரு சிறு பங்கு அடுப்படியில் கிடைப்பது இந்த வழியாகத்தான்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் எந்தப் பொருளுக்கும் ஒரே உரைகல்: அதைச் சாப்பிட்டதால் தட்டிலிருந்து எது வெளியே போயிற்று? எதுவும் போகவில்லை என்றால், ஏற்கெனவே சாப்பிட்டதோடு அதுவும் சேர்ந்தது, எடை கூடும்.

கொள்ளு செய்முறை, நான்கு பேருக்கு: 150 கிராம் கொள்ளை அகலத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்குங்கள். கொள்ளின் நிறத்திலேயே கல் இருக்கும், கண்ணை நம்பாமல் விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். பிறகு நீர் விட்டு ஒரு முறை அரித்துவிடுங்கள். இரவு ஊறப் போட்டு, காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குக்கரில் ஆறு விசில். இரண்டு விரலால் நசுக்கினால் தோலோடு மசிய வேண்டும். நடுவில் வெள்ளையாக நின்றால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். வடித்த நீரில் புளி, தக்காளி, பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்து ரசம். பருப்பில் முக்கால் பங்கைச் சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துச் சுண்டலாக்குங்கள், எண்ணெய் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மீதிக் கால் பங்கு துவையலுக்கு. ஒருவருக்கு 40 கிராம் அளவு வரும். வாரம் மூன்று நாள் போதும். தினமும் கொள்ளு என்றால் ஒரு மாதத்தில் வீடே வெறுத்துவிடும். மற்ற நாள்களில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன் என்று எதுவானாலும் சரி.

வாழைத்தண்டுக்கும் இதே கதிதான் நேர்கிறது. காவிரிக் கரையில் வாழைக்குப் பஞ்சமா? தண்டைச் சாறு பிழிந்து வடிகட்டிக் குடிக்கிறார்கள். வடிகட்டியில் நிற்கும் நார்தான் நமக்கு வேண்டியது. விரல் பருமனுக்கு ஒடிசலாக இல்லாமல், கைப்பிடிக்குள் அடங்கும், வெளிப்பட்டை உரித்த வெள்ளைத் தண்டாக வாங்குங்கள். வட்ட வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் நூல் இழுபடும். ஆள்காட்டி விரலில் மோதிரம்போலச் சுற்றிச் சுற்றி எடுத்துவிடுங்கள். நறுக்கியதை உடனே மோர் கலந்த நீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி சேர்த்துப் பொரியல். தேங்காய்த் துருவல் ஒரு மேசைக்கரண்டி போதும்; தஞ்சாவூர்ப் பக்கக் கை தேங்காய்க்கு அஞ்சாது என்பதால் அளவைச் சொல்லி வைக்கிறேன். சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்குப் பொட்டாசியமும் புரதமும் அளவோடுதான் இருக்க வேண்டும் என்பதால், அவர்கள் தண்டையும் கொள்ளையும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

வெந்தயம், இசப்கோல், சப்ஜா மூன்றும் ஒரே வகை: நீரில் ஊறிக் கொழகொழவென்று வயிற்றை அடைத்துக்கொள்பவை. சாப்பாட்டுக்கு முன் ஒரு தேக்கரண்டி, இரண்டு டம்ளர் நீரோடு. நீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைக்கும். வேறு மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இலையில் எது முன்னால்

நம் சாப்பாட்டில் சோறு வந்து விழுந்த பிறகுதான் கை நீளும். காயும் கூட்டும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வந்தவை. இதை மாற்றுங்கள். முதலில் ஒரு கிண்ணம் பொரியல், ஒரு கிண்ணம் சுண்டலோ கூட்டோ வெறுமனே சாப்பிட்டு முடித்துவிட்டு, அப்புறம் சோறு. 2015-ல் அமெரிக்காவில் 11 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த சிறிய ஆய்வில், அதே உணவைக் காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசை மாற்றியதற்கே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது தெளிவாகக் குறைந்தது. செலவே இல்லாத வைத்தியம் இது. மாமியார் முகம் சுளிக்கலாம். 'டாக்டர் சொன்னார் அத்தை' என்று சொல்லிவிடுங்கள்.

அளவு: ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்றால் சோறாக 400 கிராம் அளவுக்கு வரும், 500 கலோரிக்கு மேல். நடவும் களையெடுப்பும் அறுப்புமாக வெயிலில் நின்றவர்களுக்கு அது போதாத சாப்பாடு. இப்போது வயலில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நிற்கின்றன. பட்டறையில் சிலைக்கு உளி பிடித்துச் செதுக்குகிறவர் நாளெல்லாம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். வேலை மாறியும் சோற்றளவு மாறவில்லை. அரிசியை 75 கிராமாக்கி, மீதி இடத்தைக் காயாலும் பயறாலும் நிரப்புங்கள். இரண்டு வேளையும் இப்படிச் செய்தால், தொடக்கத்தில் மாதம் ஒரு கிலோ அளவில் இறங்கும். பிறகு வேகம் குறையும், அது இயல்பு.

பாரம்பரிய அரிசிக்கு மாறலாமா? மாறலாம். நெல் ஜெயராமன் மீட்டெடுத்த 174 ரகங்களில் காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் இப்போது நம் பக்கக் கடைகளில் கிடைக்கின்றன. தவிட்டோடு சாப்பிட்டால் நார் கூடும், மென்று தின்ன நேரமாகும். ஆனால் கறுப்புக் கவுனியானாலும் பொன்னியானாலும் 100 கிராமுக்கு 350 கலோரி அளவுதான். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று நெய்யும் வெல்லமும் கலந்து பொங்கலாக்கிச் சாப்பிட்டால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிகிரி காபியை விடச் சொல்லப்போவதில்லை. கும்பகோணம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத எனக்குத் துணிவில்லை. ஆனால் நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்தால் நாக்குக்குத் தெரியாமலே நடக்கும்.

விரதம் பற்றிக் கேட்பார்கள், ஆறுபடை வீட்டு ஊராயிற்றே. கிருத்திகை, சஷ்டி விரதத்தில் பகலெல்லாம் ஒன்றும் உண்ணாமல் இருந்துவிட்டு இரவு 'பலகாரம்' என்று எட்டு இட்லி, கெட்டிச் சட்னி, கேசரி என்று முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்திக்குக் குறையில்லை, எடைக்கும் குறைவில்லை. கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். விரதத்துக்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ளுங்கள்.

கால்கள்

சுவாமிமலை சுவாமிநாதசுவாமி கோயிலில் தமிழ் வருடங்களின் கணக்கில் 60 படிகள். அவற்றைத் தினம் ஏறினாலே போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் 70 கிலோ எடையுள்ளவர் ஒரு முறை ஏறச் செலவாவது 10 கலோரிக்குள், அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை. ஆனால் முழங்காலும் தொடையும் வலுவாகும், அதற்காகவே ஏறலாம். எடைக்கு உதவுவது தொடர் நடை: அரை மணி நேர வேக நடைக்கு 100 முதல் 150 கலோரி. திருவலஞ்சுழி வரை போய்த் திரும்பும் சாலையோ காவிரிக் கரையோ, காலை ஆறரைக்குள் என்றால் வெயிலும் லாரியும் தொல்லை செய்யாது. முழங்கால் வலி உள்ளவர்கள் படியைவிடச் சமதளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அளவுநாடா

எடை இயந்திரத்தைவிட மலிவு, அதைவிட உண்மை பேசும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், தோலின் மேல் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்துக்கு மேல் அளந்தால் ஓர் அங்குலம் பொய் சொல்லும். இந்தியர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. உடல் நிறை குறியீட்டில் நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோவைத் தொட்டால் 25. மாதம் ஒரு முறை அளந்து காலண்டரிலேயே எழுதிவையுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இடுப்பு அசையவில்லை என்றால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். தைராய்டு, சினைப்பையில் நீர்க்கட்டி, சாப்பிடும் வேறு மாத்திரைகள் என்று காரணம் இருக்கலாம். கும்பகோணம் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றாலும் அரசு சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரைப் பாருங்கள், காணொலியை அல்ல. குறியீடு 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோயும் உண்டு என்றால் ஊசிக்கு நீங்கள் தகுதியானவரே. அதை மறுத்துக் கொள்ளிலேயே நில்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது மருத்துவரிடம் மூன்று விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்: குடும்பத்தில் யாருக்காவது மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததா, கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உண்டா. ஊசியை நிறுத்தினால் என்ன செய்வது என்று முதல் நாளே கேளுங்கள். செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக அந்த 2021 ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. ஊசி போடும் காலத்தில் கொழுப்போடு தசையும் கரையும். பசியில்லாமல் நான்கு கவளம்தான் இறங்குகிறது என்றால், அந்த நான்கும் கொள்ளுச் சுண்டலாகவோ முட்டையாகவோ இருக்கட்டும், சோறு அப்புறம்.